தரிசு என்று சொன்னவள்

சோலையம்மாள் கரி மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து புகையை முகர்ந்து பார்த்தாள். வெள்ளைப் புகை நின்று நீலம் ஓட ஆரம்பித்திருந்தது. வெள்ளையாக வந்தால் விறகு இன்னும் ஈரம் கக்குகிறது என்று அர்த்தம். நீலம் ஓடினால் உள்ளே கட்டை கரியாகிவிட்டது, இனிமேல் காற்றை விட்டால் சாம்பல்தான் மிஞ்சும். குழைத்து வைத்திருந்த சேற்றை இரண்டு கையாலும் அள்ளி, கிழக்கே திறந்திருந்த புகைவாயில் அப்பி அடைத்தாள். கை சுட்டது. அது சுடாத நாள் இருந்தால்தான் அவளுக்கு அதிசயம்.

கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவே, கண்மாய்க்கு மேல்புறம் கிடக்கிற தொண்ணூறு ஏக்கர் அது. தண்டாயுதபாணி செட்டியாருக்குப் பாத்தியப்பட்டது. செட்டியார் சென்னையோடு போய்விட்டார். இந்த நிலத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. விதைப்பு நின்றுபோய்ச் சீமைக்கருவை மண்டிய அந்த நிலத்தில், மரத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோல் போட்டுச் சேறு பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற வேலையைச் சோலையம்மாளும் அவள் புருசன் செம்மலையும் இருபத்தைந்து வருசமாகச் செய்துவந்தார்கள். வெட்டுகிறது அவன். அடுக்குகிறது இரண்டு பேரும். மூட்டத்துக்குள் தீ எங்கே நிற்கிறது என்று கண்டு சொல்வது அவள். அதில் அவளை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. புதுவயல் அரிசி மில்களில் கழித்துவிட்ட சாக்கை வாங்கிவந்து அதில் கரியைக் கட்டி லாரிக்கு ஏற்றிவிடுவார்கள்.

அன்றைக்கு லாரி வருகிற தடத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கார்த்திகேய சிவம். செட்டியாரின் காரியஸ்தர், காரைக்குடியில் இருந்துகொண்டு நிலபுலங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்க ஒரு வாலிபன் இறங்கினான். இறங்கியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"செம்மலை, இவுக கரண்டு கம்பெனியிலேருந்து வந்திருக்காக. ஹரீஷ்னு பேரு. கடக்கரையில நம்ம செல்வம் வேல பாக்குறான்ல, அதே கம்பெனிதான்" என்றார் கார்த்திகேய சிவம்.

மகன் பேரைக் கேட்டதும் சோலையம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தாள்.

"இந்த ஒரு மூட்டத்துல எவ்வளவு கார்பன் வானத்துக்குப் போகுது தெரியுமாண்ணா?" என்று ஹரீஷ் ஆரம்பித்தான்.

"தெரியலையே தம்பி" என்றான் செம்மலை. அவன் நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் அடுத்ததைக் கேட்டான். "ஒங்க கம்பெனிப் பொகக் கொழாயில எம்புட்டுப் போகும்?"

ஹரீஷ் சிரித்தான். கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல பையன்தான். "அதைக் குறைக்கத்தாண்ணா வந்திருக்கோம். இன்னும் பதினைஞ்சு வருஷத்துல எங்க கம்பெனியால வானத்துல ஒரு துளிக் கரிகூட மிச்சம் நிக்காதுன்னு உலகத்துக்கே உறுதி கொடுத்திருக்கோம்."

"சத்தியம் பண்ணுனது கம்பெனி. அடுப்ப அணைக்கச் சொல்றது எங்களையா?" என்றாள் சோலையம்மாள்.

"சோலை, சும்மா இரு" என்றான் செம்மலை.

விசயம் இதுதான். தொண்ணூறு ஏக்கரையும் கம்பெனி முப்பது வருசக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. இங்கே காடு வளர்க்கப் போகிறார்கள். வளர்கிற மரம் வானத்தில் உள்ள கரியை இழுத்துக்கொள்ளும். இழுத்ததை அளந்து வெளியூர்க்காரர்கள் வந்து சான்றிதழ் கொடுப்பார்கள். செம்மலை தலையைத் திருப்பி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைக்கு மேல் உயர்ந்து நிற்கிற சீமைக்கருவையைப் பார்த்தான்.

"இது காடுதான தம்பி?"

"இது காடு இல்லண்ணா. சாட்டிலைட்ல பார்த்தா புதர். புதர் கணக்குல சேராது. முதல்ல இதை எல்லாம் வெட்டி எடுத்துடணும். தரிசுன்னு படம் எடுக்கணும். அதுக்கப்புறம் கன்னு நட்டாத்தான் அது புதுக் காடு."

"காடு வளக்கக் காட்ட வெட்டணுமா?"

"ஒனக்கு எதுக்குப்பா அந்த ஆராய்ச்சியெல்லாம்?" என்று கார்த்திகேய சிவம் குறுக்கே வந்தார். "அம்புட்டையும் வெட்டி மூட்டம் போட்டுக்கன்னு சொல்றாக. கசக்குதா? வைகாசிக்குள்ள முடிச்சிரணும், அதான் பேச்சு."

செம்மலைக்குக் கசக்கவில்லை. ஒரே கோடையில் தொண்ணூறு ஏக்கர் கரி என்பது அவன் கனவிலும் காணாத சங்கதி. சோலையம்மாள்தான் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வெட்டி முடிச்ச பெறகு எங்க பொழப்பு?"

அதற்குத்தான் ஹரீஷ் காத்திருந்தான் போலிருக்கிறது. "அக்கா, உங்க பையன் எந்த யூனிட்ல இருக்கார்?"

"ரெண்டாம் யூனிட்டு. நெலக்கரி கொட்டி வச்சிருக்கிற கெட்டுல அள்ளிப் போடுறான். அஞ்சு வருசமாச்சு."

"அந்த யூனிட்டை அடுத்த வருஷம் மார்ச்சோட மூடப் போறோம். ரொம்பப் பழசு. அங்க இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி இடங்கள்ல வேலை கொடுக்கப் போறாங்க. இந்தக் காட்டுக்குக் காவல் ஆள் வேணும். உங்க பையன் பேரை நானே எழுதி அனுப்பறேன்."

சோலையம்மாள் சேற்றை இன்னொரு கை அள்ளினாள். மூட்டத்தின் மேற்குப் புகைவாயையும் போய் அடைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் வந்தான். இருபத்தைந்து வயசு. போனபோது பனங்குட்டி போலக் கட்டுமஸ்தாக இருந்தவன், இப்போது தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. வந்ததும் கொல்லைப்பக்கம் போய் நின்று இருமினான். இருமி முடித்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தான். துப்பியதை அம்மா பார்த்துவிடக் கூடாதாம். அவள் அதைப் பார்த்து இரண்டு வருசமாகிறது, கறுப்பாகத்தான் வரும்.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கம்பஞ்சோறும் ஆக்கியிருந்தாள். தட்டில் போட்டுக்கொண்டே காவல் வேலையைப் பற்றிச் சொன்னாள்.

"ஆத்தா, நீங்க எரிக்கிற கரிக்கும் நான் அள்ளுற கரிக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா?" என்றான் செல்வம். "நீங்க எரிச்சா பொக எல்லார் கண்ணுலயும் படுது. அங்குட்டு மேகத்துல முட்டுற மாதிரி கொழாய வச்சு விடுறாக. ஒருத்தன் கண்ணுலயும் படாது."

"அது கெடக்கட்டும்டா. இந்த வேலைக்கு நீ வருவியா, மாட்டியா?"

"வேண்டாம்னு சொல்வனா? கம்ப ஒன்னக் கையில வச்சுக்கிட்டுச் சுத்தி வர்றதுதான?" ஒரு உருண்டை சோற்றை வாயில் போட்டு மென்று விழுங்கினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அங்க நெஞ்சுக்குள்ள தூசி போகாதுல்ல?"

சோலையம்மாள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கம்பெனியில் வேலை என்று ஊரெல்லாம் பெருமை பேசி, பஸ் ஏற்றி அனுப்பியது அவளேதான். அந்தக் குற்றம் இந்த ஐந்து வருசமும் அவளை ஒரு நாள்கூடச் சும்மா விட்டதில்லை. "போகாதுடா ராசா, நல்ல காத்து" என்று சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை எடுக்கிற சாக்கில் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

பங்குனியில் வெட்டு ஆரம்பித்தது. கல்லல் பக்கத்திலிருந்து இருபது ஆள் கூட்டிவந்தான் செம்மலை. வெயில் ஏறுவதற்கு முன் அரிவாளும் கோடாலியும் பேசும். பத்து மணிக்குக் கூழும் வெங்காயமும். பிறகு அடுக்கு. நடுவில் பருத்த கட்டை, சுற்றிலும் மெலிந்தது, இடுக்கில் சுள்ளி. மேலே வைக்கோலைப் பரப்பி, கண்மாய்ச் சேற்றை வழித்துப் பூசி, உச்சியில் தீ இறக்குவார்கள். ஒரே நேரத்தில் எட்டு மூட்டம் புகைந்தது. எட்டுக்கும் சோலையம்மாள் ஒருத்திதான் வைத்தியச்சி. ஒன்றில் வெடிப்பு விட்டால் சேற்றோடு ஓடுவாள், ஒன்றில் புகை திணறினால் கம்பால் வாய் திறந்து விடுவாள். ஒரு மூட்டம்கூடச் சாம்பலாகவில்லை. வானத்தைக் காப்பாற்றப் போகிற கம்பெனிக்காக அந்தக் கோடையில் அவர்கள் விட்ட புகை, அதற்கு முந்தின பத்து வருசத்தில் விட்டதைவிட அதிகம் இருக்கும்.

அந்த வேலையில் செம்மலை ஒரு காரியம் செய்தான். ஹரீஷ் வேரோடு பிடுங்கத்தான் சொல்லியிருந்தான். அதற்கு மண்வாரி இயந்திரம் வருமென்றும் சொன்னான். வரவில்லை. செம்மலை கைப்பழக்கத்தில் முழங்கால் உயரத்துக்குத் தூரை விட்டு விட்டே வெட்டிக்கொண்டு போனான்.

"வேரோட எடுக்கணும்னாகளே" என்றாள் சோலையம்மாள்.

"எடுக்கணும்னா அவுகளே வந்து எடுக்கட்டும். தூரக் கொன்னுட்டா நாளைக்கு எதப் போயி வெட்டுவ? விட்டு வச்சா மூணு வருசத்துல மறுபடி வெறகு."

"முப்பது வருசத்துக்கு வெட்டக் கூடாதுங்கிறாகல்ல?"

"காயிதத்துல முப்பதுன்னுதான் போடுவாக. நூத்துக்கு நூறு மூணாம் வருசம் கூப்புட்டு அனுப்புவாக பாரு. எத்தன பேரப் பாத்திருக்கோம்!"

கரிக்காரன் புத்தி அது. எந்த முதலாளி எதைப் பேசினாலும் கடைசியில் மரம் வெட்டுக்குத்தான் வரும் என்பது அவன் கண்ட உலகம். சோலையம்மாளும் மறுத்துப் பேசவில்லை. தூர் இருந்தால் செல்வத்துக்குக் காவலும் இருக்கும், அப்பனுக்கு வெட்டும் இருக்கும் என்று அவளும் மனக்கோட்டை கட்டினாள்.

நிலத்தின் நடுவே ஒரு மேடு. அதில் ஒற்றை வேம்பு. இருபத்தைந்து வருசத்துக்கு முன் அவர்கள் அங்கே முதல் மூட்டம் போட்டபோது, செல்வம் தொப்புள் காயாத பிள்ளை. அந்த வேம்பின் தாழ்ந்த கொம்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்த்தாள். மேற்காற்று அடித்தால் புகை பிள்ளைமேல் போகாத கொம்பாகப் பார்த்து மாற்றிக் கட்டுவாள். மற்றதையெல்லாம் வெட்டி முடித்த பிறகும் செம்மலை அதைத் தொடவில்லை. ஹரீஷ் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இவ்வளவு பெரிய மரம் நின்னா, மத்ததெல்லாம் எங்கன்னு கேள்வி வரும்ணா."

"வேம்பு தம்பி அது. அதுவும் மரந்தான? ஒங்க காட்டுல ஒன்னா இருந்துட்டுப் போகட்டுமே."

"புரியுது. ஆனா தரிசுன்னு காட்டணும்ல."

செம்மலை கோடாலியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். சோலையம்மாள் அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"வெட்டுங்க. தூளி கட்டுன கொம்பு வேணுமா, தூளியில கெடந்தவன் வேணுமா?"

வேம்பு விழுந்தது. அதன் வேரையும் தோண்டி எடுத்தார்கள். தங்கிச் சமைத்த கொட்டகையைப் பிரித்தார்கள். கடைசி மூட்டத்தைப் பிரித்துக் கரியை ஏற்றிவிட்ட பிறகு, இருபத்தைந்து வருசமாக மூட்டம் போட்டுப் போட்டுக் கன்னங்கரேலென்று கிடந்த வட்டங்களின் மேல் செம்மண் அடித்து நிரவினார்கள். வேலை முடிந்தால் தடம் தெரியாமல் நிரவிவிட்டுப் போக வேண்டும் என்பது கரி வேலையில் பழைய பேச்சு. அதையும் அவர்கள் சுத்தமாகச் செய்தார்கள்.

ஆனி பிறந்ததும் கார்த்திகேய சிவம் அவர்களைச் சிவகங்கைக்கு ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனார். பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை வாசித்துக் காட்டினார். "மேற்படி நிலம் கடந்த பத்தாண்டுகளாக மரங்களின்றித் தரிசாகக் கிடந்ததென்றும், அதில் எவரும் தங்கியிருக்கவோ தொழில் செய்து பிழைக்கவோ இல்லையென்றும், பக்கத்து ஊர்க்காரர்களாகிய நாங்கள் நேரில் அறிந்து சொல்லும் உறுதிமொழி."

செம்மலை கடித்த வடையை இலையிலேயே வைத்தான். "அப்ப நாங்க யாருய்யா?"

"நீங்க இருந்தீக. யாரு இல்லேன்னா? காயிதத்துல இல்ல, அம்புட்டுத்தான்."

"எம்பேரு எழுதத் தெரியும். எங்க போடணும்?" என்று சோலையம்மாள் பேனாவை வாங்கினாள். அவள் போட்ட பிறகு செம்மலை போட்டான்.

சான்றிதழ் கொடுக்கிற கூட்டத்திலிருந்து ஆள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு மழை பிடித்தது. ஆனியில் அப்படியொரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டுப் போய்விட்டது. அடித்திருந்த செம்மண் அத்தனையும் கரைந்து கண்மாய்க்குள் ஓடிவிட்டது. தொண்ணூறு ஏக்கரிலும் கறுப்பு வட்டங்கள் அப்படியே எழுந்து கிடந்தன. மறுபடி மண் அடிக்க நேரமில்லை.

வந்தவள் ரோகிணி என்ற பெண். நாற்பது வயசிருக்கும். கம்பெனியைச் சேராதவள், வெளியிலிருந்து சோதித்துப் பார்க்க வந்தவள் என்று சொன்னார்கள். ஹரீஷையும் கார்த்திகேய சிவத்தையும் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சோலையம்மாளை மட்டும் கூட்டிக்கொண்டு நிலத்துக்குள் நடந்தாள். வெட்டின தூர்களைப் பார்த்தாள். ஒரு வட்டத்தின் ஓரத்தில் குந்தி மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இந்த இடம் மட்டும் ஏன்மா இப்படிக் கறுப்பா இருக்கு?"

சோலையம்மாளின் வாய் தடுமாறவில்லை. "கெடை போட்ட எடந்தான் தாயி. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிக ஆடு பத்திக்கிட்டு வருவாக. ராத்திரி ஆட்ட அடச்சுப் போட்டா, புழுக்கையும் மூத்திரமும் சேந்து மண்ணு இப்புடிக் கறுத்துப் போகும்."

"ஆடு மேய்ச்சல்தானா? வேற யாரும் இங்க வேலை பார்த்ததில்லையா?"

"தரிசுல என்ன வேல தாயி?"

"இந்தத் தூரெல்லாம்?"

"அடுப்புக்கு ஆளாளுக்கு வெட்டிக்கிட்டுப் போறதுதான்."

ரோகிணி எழுந்தாள். சோலையம்மாளின் கையை மெல்லப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை ரேகையெல்லாம் கரி ஏறிக் கறுப்பு நூலாக ஓடியது. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு அது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, நான் யார்கிட்டயும் உங்க பேரைச் சொல்ல மாட்டேன். நீங்க நடந்ததைச் சொன்னா இதை என்னால நிறுத்த முடியும். இங்க வளர்ற மரத்தைக் காட்டி, அங்க எரிக்கிற நிலக்கரியைக் கழிச்சுக்குவாங்க. அதுக்குத்தான் இத்தனை தடவை கேக்கறேன்."

அந்தப் பேச்சு சோலையம்மாளின் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல காற்றில் சுற்றி வருகிற மகன்தான் அவள் மனசு முழுக்க இருந்தான். இவள் நிறுத்திவிட்டால் அவனுக்கு வேலை ஏது?

"அடுப்புக் கரி தாயி. பொம்பள கை பின்ன எப்புடி இருக்கும்?" என்று கையை உருவிக்கொண்டாள்.

ரோகிணி எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கச் சோலையம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழையில் புங்கும் வாகையும் வேம்புமாகக் கன்று நட்டார்கள். ஒரு பெரிய மனுசர் வந்து ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார். மார்கழியோடு மழை நின்றது. தண்ணி விட ஆள் போடுவார்கள் என்றார்கள், போடவில்லை. மாசி பிறப்பதற்குள் கன்று அத்தனையும் குச்சியாகிவிட்டது. ஆனால் செம்மலை விட்டுவைத்த தூர் ஒவ்வொன்றிலிருந்தும் சீமைக்கருவை நாலு ஐந்து கொழுந்தாகக் கிளம்பி இடுப்புக்கு வந்துவிட்டது. ஹரீஷின் ஆட்கள் வந்து அதில் மஞ்சள் அட்டையை ஒவ்வொன்றாகக் கட்டி நம்பர் போட்டார்கள்.

"பாத்தியா? நான் விட்ட தூருதான் அவுகளுக்குக் காடு" என்று செம்மலை சிரித்தான். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

மார்ச் போயிற்று. ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் செல்வம் போனில் கூப்பிட்டான்.

"ஆத்தா, யூனிட்ட மூடல."

"என்னடா சொல்ற? மார்ச்சுன்னாகளே!"

"இன்னும் பத்து வருசம் ஓட்டலாம்னு ஆயிருச்சாம். காலையில எல்லாருக்கும் லட்டு குடுத்தாக." இருமினான். இருமல் அடங்குகிறவரை அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இப்புடி அங்கங்க காடு வளத்ததுக்குச் சான்றிதழ் வந்திருச்சாம். அதுக்கு ஈடா இங்க எரிச்சுக்கலாமாம். சூப்பர்வைசர் சொன்னாரு. வாசல் கேட்டுக்கிட்ட பெருசா படம் போட்டு வச்சிருக்காக ஆத்தா. நம்ம காடுதான். ஒத்த வேம்பு நின்ன மேடு நடுவுல தெரியுது."

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னது சோலையம்மாளுக்கு உறைத்தது. அங்க எரிக்கிறதைக் கழிச்சுக்குவாங்க. நிறுத்த முடியும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே. கையை உருவிக்கொண்டது யார்?

"நீ அத விட்டுட்டு வந்துரு. காவல் வேல இருக்குல்ல?"

"யாரும் என்னய ஒன்னும் கூப்புடலையே ஆத்தா. கெட்டுல ஆள் பத்தலன்னு ரெண்டு ஷிப்டு பாக்கச் சொல்லியிருக்காக."

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே புருசனும் பெண்சாதியும் காரைக்குடிக்குப் போனார்கள். கார்த்திகேய சிவம் உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். ஹரீஷை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்களாம். காவலுக்கு வெளியூர் ஏஜென்சி ஒன்றிலிருந்து ஆள் போட்டாகிவிட்டதாம்.

"நான் கேக்காம இருப்பனா செம்மலை? கேட்டேன். உள்ளூர் ஆளுக்கு வேல குடுக்க விதி இருக்கு. ஆனா இந்த நெலத்தால பொழப்புப் போனவுகளா இருக்கணுமாம்." அவர் குரல் இறங்கியது. "இங்க ஒருத்தரும் பொழைக்கலன்னு நீங்களேதான எழுதிக் குடுத்திருக்கீக."

"நீங்கதானய்யா எழுதச் சொன்னீக!" என்று செம்மலை கத்திவிட்டான். அவன் யாரிடமும் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை.

"சொன்னேன். எனக்கும் இது தெரியாதப்பா." அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்தவன் ஒருத்தன் எங்கேயோ இருக்கிறான், அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"இப்ப நாங்க போயி நெசத்தச் சொன்னா?" என்றாள் சோலையம்மாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணுனீகன்னு ஒங்க மேலதான் கேஸ் வரும்."

காப்பி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடிக்காமலே எழுந்து வந்தார்கள்.

செம்மலை புதுவயலுக்கு மூட்டை தூக்கப் போனான். ஐம்பத்தைந்து வயசில் அரிசி மில்லில் அவனை மதிப்பார் யார்? உமி வண்டிக்குத்தான் கூப்பிட்டார்கள். சாயந்தரம் உமித்தூசியோடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். மூன்றாம் வருசம் என்ற பேச்சையே அவன் பிறகு எடுக்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள் காலை, சோலையம்மாளுக்கு அடுப்பெரிக்க விறகில்லை. கேஸ் தீர்ந்து கிடந்தது. கால் தன்னால் அந்தத் தடத்தில்தான் போயிற்று. முள்கம்பி போட்டிருந்தார்கள். வேலி இன்னும் முடியாத ஒரு இடத்தில் நுழைந்து உள்ளே போனாள். மேட்டைத் தாண்டி, அவர்கள் முதன்முதலில் மூட்டம் போட்ட வட்டத்துக்கு வந்தாள். அதன் ஓரத்துத் தூரில் கருவை அவள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. எந்தக் கொப்பை வெட்டினால் மரத்துக்குச் சேதமில்லை என்று பார்த்து அரிவாளை ஓங்கினாள்.

"யாரும்மா அது? வெட்டாதீங்க, வெட்டாதீங்க!"

நீலச் சட்டைக் காவலாள் ஓடி வந்தான். திண்டுக்கல் பக்கத்து ஆள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தலை நரைத்தவன், பார்க்கச் சாதுவாக இருந்தான். அவன் கையில் ஒரு கம்பு இருந்தது. சோலையம்மாள் அந்தக் கம்பைத்தான் பார்த்தாள்.

"ஒரு கொப்புப் போனாக்கூட எங்கிட்டத்தாம்மா கேப்பாங்க. எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. போர்டுல எழுதியிருக்கே, பாக்கலையா?"

வேம்பு நின்ற மேட்டில் பச்சைப் பலகை ஒன்று நட்டிருந்தது. சோலையம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பத்தாண்டுகளாக எவரும் பயன்படுத்தாத தரிசு நிலத்தில் உருவாக்கப்பட்ட காடு என்று முதல் வரி. அதற்குக் கீழே வானத்தைப் பற்றியும் வருங்காலப் பிள்ளைகளைப் பற்றியும் நிறைய எழுதியிருந்தது. அவள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

காவலாள் அவள் கையையும், அவள் அரிவாள் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"வெட்டுற கையாத் தெரியுது. முன்னாடி இங்க வேலை பார்த்தவங்களாம்மா நீங்க?"

சோலையம்மாள் அரிவாளைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுக்கிக்கொண்டாள்.

"இல்லப்பா. இங்க யாரும் வேல பாத்ததில்ல" என்றாள். "ஆட்டுக்கெடைதான் போட்டிருந்தாக."